மறுவிளைச்சல் யாருக்கு?

உழைப்பு இருவகைப்படும். ஒன்று, செய்த அன்றே பயன் தந்து அன்றே தீர்ந்துபோவது. மற்றொன்று, செய்தவன் கையைக் கழுவிக்கொண்டு போன பின்னரும் நின்று நெடுநாள் பயன் தருவது. சோறு ஆக்குவது முதல் வகை. கிணறு தோண்டுவது இரண்டாம் வகை. முதல் வகை உழைப்புக்குக் கூலி பேசுவதில் அதிகச் சிக்கல் இல்லை. அன்றைய வேலைக்கு அன்றைய கூலி என்று கணக்கைத் தீர்த்துவிடலாம். இரண்டாம் வகையில்தான் வழக்குப் பிறக்கிறது.

பாட்டும் கூத்தும் நாடகமும் தொன்றுதொட்டு முதல் வகையைச் சேர்ந்தனவாகவே இருந்தன. விடியும்வரை ஆடிய கூத்து விடிந்ததும் தீர்ந்தது. அதனை மறுபடியும் காண வேண்டுமானால், மறுபடியும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். ஆடுகிறவன் மறுபடியும் காலில் சலங்கை கட்ட வேண்டும். மறுபடியும் அவனுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆகவே ஜனங்கள் எத்தனை முறை கண்டார்களோ, அத்தனை முறை அவனுக்குக் கூலி உண்டு. இயந்திரம் வந்து இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. இசைத்தட்டும் படச்சுருளும் ஒளிநாடாவும் தோன்றிய பின்னர், ஒருமுறை ஆடியதை ஆயிரம் முறை காட்டலாம் என்றாயிற்று. அந்த ஆயிரம் முறையில் வரும் பணம் யாரைச் சேர வேண்டும்? தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பு என்பது தோன்றி வளர்ந்த வரலாறு, பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியின் வரலாறே ஆகும்.

ரப்பர்த் தோட்டம் அறிந்தவர்களுக்கு ஓர் உவமையால் இதனை எளிதில் விளக்கலாம். காலையில் மரம் வெட்டி, பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுபோய் நிறுத்த பிறகு, வெட்டிய கோட்டிலும் கோப்பையின் அடியிலும் சொட்டி உறைந்து கிடப்பது ஒட்டுப்பால். பார்வைக்கு அழுக்கு, ஆனால் அதற்கும் விலை உண்டு. அதையும் உரித்துக் கொண்டுவந்து நிறுத்து, அதற்கெனத் தனியே கணக்கெழுதிக் கூலி கொடுப்பது தோட்டத்து வழக்கம். செக்ரோல் எழுதும் கிராணிமார் எவரும் இதனை அறிவர். தொலைக்காட்சித் தொழிலில் மறு ஒளிபரப்பும் முதலில் இப்படிப்பட்ட ஒட்டுப்பாலாகவே எண்ணப்பட்டது. நாளடைவில் பாலினும் ஒட்டுப்பாலே அதிக விலைக்குப் போகத் தொடங்கிற்று. அப்போதுதான் அதன் பாத்தியதை யாருக்கு என்ற வழக்கு எழுந்தது.

வானொலியில் விழுந்த வித்து

இதன் தொடக்கம் தொலைக்காட்சிக்கு முந்தியது. அமெரிக்காவில் 1926-இல் என்.பி.சி. என்னும் வானொலிக் கம்பெனியும், அடுத்த ஆண்டில் பின்னர் சி.பி.எஸ். என வழங்கப்பட்ட கம்பெனியும் தோன்றின. ஓர் ஊரில் நடக்கும் நிகழ்ச்சியைத் தந்திக்கம்பி வாயிலாகப் பல ஊர் நிலையங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி ஒலிபரப்புவது இவர்களுடைய முறை. நிலையங்களைக் கம்பியால் கோத்தமையால் அதனைச் 'சங்கிலி' என்றே அந்நாளில் வழங்கினர்.

1928-இல் சிக்காகோ நகரத்தில் கொரெல், காஸ்டன் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். 'ஏமஸ் அண்டு ஆண்டி' என்னும் தங்கள் நிகழ்ச்சியை இசைத்தட்டுகளில் பதித்து, அத்தட்டுகளைப் பிற ஊர் நிலையங்களுக்கு அனுப்பிவைத்தனர். கம்பி இல்லாமலே சங்கிலி உண்டாயிற்று. ஒரு சரக்கை ஒரே நிலையத்துக்குக் கொடுத்து ஒழிந்துவிடாமல், பல ஊர் நிலையங்களுக்கும் தனித்தனியே வாடகைக்கு விடும் வியாபாரத்துக்கு இதுவே முன்மாதிரி. அந்த நிகழ்ச்சி வெள்ளையர் இருவர் கறுப்பரின் பேச்சைப் போலப் பேசி எள்ளி நகையாடியது என்பதையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். புதிய கருவி எதுவும் பழைய இழிவுகளைத் தானே துடைத்துவிடுவதில்லை.

பெரிய கம்பெனிகள் இரண்டும் பதிவு செய்த நிகழ்ச்சிகளை நெடுங்காலம் தங்கள் சங்கிலியில் அனுமதிக்கவில்லை. நேருக்கு நேராகப் பாடுவதும் பேசுவதுமே தரமானவை என்பது அவர்கள் சொன்ன காரணம். தட்டிலேயே எல்லாம் வந்துவிடுமானால் கம்பிக்கு வேலை ஏது என்ற அச்சமும் உள்ளே இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. 1946-இல் பிங் கிராஸ்பி என்னும் புகழ்பெற்ற பாடகர், தம் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிந்துகொள்ள இசைந்த ஏ.பி.சி. கம்பெனிக்கு மாறிச் சென்றார். அதன் பிறகே பழைய தடை தளர்ந்தது.

இதற்கிடையில், உழைக்கும் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. இசைத்தட்டு பரவப் பரவ, விடுதிகளிலும் வானொலி நிலையங்களிலும் வாத்தியக்காரருக்கு வேலை குறைந்தது. தாங்கள் வாசித்த தட்டே தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று கண்ட அமெரிக்க இசைவாணர் சங்கத்தார், பெட்ரில்லோ என்பவரின் தலைமையில், 1942 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கித் தட்டுக்கு வாசிப்பதில்லை என்று நிறுத்திவிட்டனர். பெரிய கம்பெனிகள் 1944 நவம்பர் வரையில் பிடிவாதம் செய்து, முடிவில் விற்கும் தட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கத்தின் நிதிக்குக் கட்ட ஒப்புக்கொண்டன. மறுவிளைச்சலில் உழைத்தவனுக்கும் பங்குண்டு என்ற கொள்கைக்குக் கிடைத்த முக்கியமான வெற்றிகளுள் இது ஒன்று.

பழம்படம் வாங்கிய நடிகர்

தொலைக்காட்சி அமெரிக்காவில் 1941 ஜூலை முதல் நாள் வியாபார முறையில் தொடங்கிற்று எனினும், போர் முடிந்த பின்னரே வீடுகளில் பரவியது. அக்காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாகவே நடந்தன. நியூயார்க்கில் நடிப்பார்கள், அந்த நொடியிலேயே மக்கள் காண்பார்கள், முடிந்ததும் காற்றோடு போயிற்று. மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் மூன்று மணி நேர வேற்றுமை உண்டு. அன்றியும் இரு கரைகளையும் இணைக்கும் தொடர்பு 1951 செப்டம்பரில்தான் ஏற்பட்டது. ஆகவே தொலைக்காட்சிக் குழாயின் முகத்துக்கு எதிரே படம் பிடிக்கும் கருவியை வைத்து, அதில் தெரிவதைச் சுருளில் பிடித்து அனுப்பினர். 1947-இல் வந்த இந்த முறைக்குக் 'கினெஸ்கோப்' என்று பெயர். படம் மங்கலாக இருந்தது. ஒருமுறை காட்டிய பின் அச்சுருள்களைப் பொருட்படுத்துவார் இல்லை. அழிந்தவை மிகப் பல.

இந்தச் சமயத்தில் வில்லியம் பாய்டு என்னும் நடிகர் செய்த காரியம் குறிப்பிடத்தக்கது. அவர் 1935 முதல் 1948 வரையில் 'ஹாப்பலாங் காசிடி' என்னும் குதிரை வீரனாக 66 படங்களில் நடித்தவர். படம் எடுப்பது நின்றது. வயதும் ஐம்பதைக் கடந்தது. அப்போது அவர் தம் பண்ணையை விற்றுக் கடனும் வாங்கி, ஏறக்குறைய 3,50,000 டாலர் கொடுத்து, தாம் நடித்த அந்தப் பழைய படங்களின் உரிமையை வாங்கிக்கொண்டார். கொட்டகையில் ஓடித் தீர்ந்த படத்தை யார் மறுபடி பார்ப்பார்கள் என்பதே அன்றைய எண்ணம். 1949-இல் என்.பி.சி. அவற்றைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியதும் நாடெங்கும் பிள்ளைகள் பித்துப்பிடித்தவர்போல் ஆயினர். பாய்டு பெருஞ்செல்வர் ஆனார். நடிகர் ஒருவர் தம்முடைய உழைப்பைத் தாமே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வாங்கும் வசதியும் துணிவும் இருந்தமையால் அவர் பிழைத்தார். அவரோடு அப்படங்களில் நடித்த மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

சின்சினாட்டி நகரத்துப் பிரெடரிக் சிவ் என்னும் வியாபாரியும் பழையதன் விலையை முன்னரே உணர்ந்தவர். 1930-களிலிருந்து வானொலித் தட்டுகளை ஊர் ஊராக வாடகைக்கு விட்டு அனுபவப்பட்டவர் அவர். 1950-இல் 'சிஸ்கோ கிட்' என்னும் தொடரைத் தொலைக்காட்சிக்கென எடுத்தபோது, வீடுகளில் இருந்த பெட்டிகள் யாவும் கறுப்பு வெள்ளையாக இருந்தும், அவர் அதனை வண்ணத்தில் எடுத்தார். வண்ணப் பெட்டி வரும் காலத்திலும் சரக்கு விலைபோக வேண்டும் என்பது அவர் கணக்கு. இத்தகைய தொடர்களின் சுருளை ஒரு நிலையத்தார் காட்டிவிட்டு அடுத்த ஊர் நிலையத்துக்கு அனுப்புவர். தமிழ்நாட்டில் ஒரே படப்பெட்டி ஒரு கொட்டகையிலிருந்து மறு கொட்டகைக்குச் சைக்கிளில் ஓடிய கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அமெரிக்கரும் இந்த முறைக்குச் சைக்கிளின் பெயரையே இட்டு வழங்கினர்.

ஆயிரம் டாலர் விட்டுக் கோடி பெற்றது

மறு ஒளிபரப்பை ஒரு பெருந்தொழிலாக்கியது 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடர். லூசில் பால் என்னும் நடிகையும், கியூபா நாட்டிலிருந்து வந்த அவர் கணவர் டெசி அர்னாசும் அதில் நடித்தனர். சி.பி.எஸ். கம்பெனியும் விளம்பரம் கொடுத்த சிகரெட் வியாபாரிகளும் அதனை நியூயார்க்கிலிருந்து நேரடியாக நடத்த விரும்பினர். தம்பதிகளோ ஹாலிவுட்டை விட்டு வர இசையவில்லை. ஹாலிவுட்டிலிருந்து நடத்தினால் கிழக்கிலுள்ள ஜனங்கள் மங்கலான கினெஸ்கோப்பையே காண நேரும். முடிவில், மூன்று கருவிகளை வைத்து, எதிரே ஜனங்களை உட்காரவைத்துக்கொண்டே, நல்ல படச்சுருளில் எடுப்பது என்று தீர்மானித்தனர். கார்ல் பிராயண்டு என்னும் தேர்ந்த ஒளிப்பதிவாளர் அதற்கு வேண்டிய வெளிச்ச முறைகளை வகுத்தார்.

சுருளில் எடுப்பதற்குச் செலவு அதிகம். அதனை ஈடுசெய்யத் தம்பதிகள் வாரத்துக்கு 1000 டாலர் சம்பளத்தை விட்டுக்கொடுத்தனர். அதற்கு மாற்றாக அவர்கள் கேட்டது ஒன்றே: ஒளிபரப்பிய பின் அச்சுருள்கள் தங்களுக்குச் சொந்தமாக வேண்டும். ஒட்டுப்பாலைத்தானே கேட்கிறார்கள் என்று கம்பெனியாரும் கொடுத்துவிட்டனர். தொடர் 1951 அக்டோபர் 15-ஆம் நாள் தொடங்கிற்று. அடுத்த பருவத்தில் லூசில் பால் கருவுற்று, 1953 ஜனவரியில் மகனைப் பெற்றார். அவர் ஓய்வுகொள்ளும் பொருட்டுச் சில வாரங்களுக்குப் பழைய பகுதிகளையே மறுபடி காட்டினர். ஜனங்கள் முகஞ்சுளிக்கவில்லை, முன்போலவே பார்த்துச் சிரித்தனர். ஒருமுறை சிரித்தவர் இருமுறையும் சிரிப்பார் என்ற உண்மை அன்று நிலைபெற்றது.

1957-இல் தொடர் முடிவதற்குள் 180 பகுதிகள் சேர்ந்திருந்தன. அவற்றின் உரிமையைச் சி.பி.எஸ். கம்பெனியே 40 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. தம்பதிகள் அடுத்து ஆர்.கே.ஓ. என்னும் படப்பிடிப்பு நிலையத்தை விலைக்கு வாங்கினர். லூசில் பால் முன்பு சம்பளத்துக்கு நடித்த இடம் அது. இதே சமயத்தில் பெரிய படக் கம்பெனிகளும் கண் விழித்துக்கொண்டன. ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் பழம்படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றன; 1958-இல் பாரமவுண்டு கம்பெனியின் பழம்படங்கள் மாத்திரம் 5 கோடி டாலர் விலைபெற்றன.

கொத்தனார் கேள்வி

படம் விலைபோயிற்று, நடித்தவர்கள் நிலை என்ன? லூசியைப்போலவும் பாய்டைப்போலவும் உரிமை கைவரப்பெற்றவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஆயிரக்கணக்கான ஏனையோர் அன்றன்று கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்.

"கொத்தனார் வீடு கட்டுகிறார். அவ்வீட்டில் குடியிருப்பவர் மாதந்தோறும் கொத்தனாருக்கா வாடகை கொடுக்கிறார்? கூலி வாங்கியாயிற்று, கதை முடிந்தது" என்று முதலாளிகள் பக்கம் பேசுவோர் சொல்லக்கூடும். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இவ்வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கொத்தனார் கட்டிய வீடு எழுந்துபோய் அடுத்த தெருவில் அவர் வேலைக்குப் போட்டியாக நிற்பதில்லை. நடிகன் நடித்த படமோ நிற்கிறது. தொலைக்காட்சியில் ஒரு நாளைக்கு 24 மணி நேரமே உண்டு. அதில் ஒரு மணி நேரத்தைப் பழைய படம் பிடித்துக்கொண்டால், அந்த ஒரு மணிக்குப் புதிய நடிகர், எழுத்தாளர், வாத்தியக்காரர், தச்சர் ஒருவருக்கும் வேலை இல்லை. தன் நிழலோடு தானே போட்டியிட்டுத் தோற்கும் தொழிலாளி உலகில் இவன் ஒருவனே. ஆகவே மறு ஒளிபரப்பில் பங்கு கேட்பது பிச்சையன்று. பறிபோன வேலைக்கு ஈடு கேட்பதாகும்.

அமெரிக்கத் திரை நடிகர் சங்கத்தார் இந்த நியாயத்தை வற்புறுத்தி, 1952-இல் தொலைக்காட்சித் தொடர்களின் மறு ஒளிபரப்புக்குப் பங்கு பெற்றனர். முதலில் அது சில தடவைகளோடு நின்றது. அதற்குமேல் எத்தனை முறை காட்டினாலும் ஒன்றும் இல்லை. 1974-இல்தான் அந்த வரம்பு நீங்கி, காட்டுந்தோறும் பங்கு என்றாயிற்று. கொட்டகைப் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதற்கும் பங்கு வேண்டுமென்று 1960 மார்ச்சு 7-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அப்போது சங்கத் தலைவராக இருந்தவர், பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன். ஆறு வாரத்தில் உடன்பாடு வந்தது. 1960-க்குப் பின் எடுக்கும் படங்களுக்குப் பங்கு கிடைத்தது. முந்திய படங்களுக்கோ, ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்குமாகச் சங்க நிதிக்கு 22,50,000 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தனர். அப்படங்களில் நடித்த முதியோர் பலர் இதனை மன்னிக்கவேயில்லை. தங்கள் முகம் இரவுதோறும் தொலைக்காட்சியில் தெரிய, தங்கள் கைக்கு ஒரு காசும் வராத நிலையைக் கண்டவர்கள் அவர்கள்.

உழைத்த நாளுக்கு அப்பாலும் உழைத்தவனுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதன்று. 'ஐ லவ் லூசி' தொடங்கிய அதே 1951 அக்டோபரில்தான் மலாயாவில் தொழிலாளர் சேமநிதி ஏற்பட்டது. இன்றைய கூலியில் நாளைக்கும் ஒரு பகுதி சேரவேண்டும் என்பது அதன் கருத்து. மறு ஒளிபரப்பில் பங்கு என்பது அக்கருத்தின் இன்னோர் உருவமே.

ஜாலான் அம்பாஸின் படங்கள்

"இவையெல்லாம் அமெரிக்கர் கதை, ஆயர் ஈத்தாமில் இருப்பவர்க்கும் தோட்டத்தில் இருப்பவர்க்கும் இதனால் என்ன?" என்று கேட்கலாம். இதே கதை நம் வாசலிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சங்கம் வென்றது. இங்கே என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. போருக்குப் பின் 1947 தொடங்கி 1967-இல் மூடும்வரை, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மலாய்ப் படங்கள் அங்கே உருவாயின. அவற்றை இயக்கியோரில் இந்தியாவிலிருந்து வந்தவர் பலர். 1934-இலேயே சிங்கப்பூரில் 'லைலா மஜ்னுன்' எடுத்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன், வங்காளத்தவரான பானி மஜும்தார் முதலியோர் அவர்கள். தமிழில் 'ரம்பையின் காதல்', 'சாலிவாஹனன்' என்னும் படங்களை இயக்கிய பி. என். ராவும் இங்கு வந்து மலாய்ப் படங்களை இயக்கினார். மலாய்ப் படக்கலையின் அடித்தளத்தில் நம்மவர் கைவேலையும் கலந்திருக்கிறது என்பது மறுக்கவொண்ணாத செய்தி.

அந்த நிலையத்தின் பெரும்புகழ் பி. ரம்லி. அவர் 1929 மார்ச்சு 22-இல் பினாங்கில் பிறந்தவர். கிரீன் லேனில் இன்றும் நாம் காணும் பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்தவர். 1948-இல் புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் அவர் பாடக் கேட்ட ராஜ்ஹன்ஸ், அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். 1950-இல் எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' என்னும் படத்தில் கதாநாயகனானார். 1955-இல் 'பெனாரெக் பெச்சா' என்னும் படத்தால் தாமே இயக்குநரும் ஆனார். நடிப்பு, பாட்டு, இசையமைப்பு, கதை, இயக்கம் யாவும் ஒருவரிடத்தில் கூடியிருந்தன. அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார்.

எனினும் சட்டத்தின் கண்ணில் அவர் சம்பளம் பெறும் ஊழியரே. படத்தின் உரிமை படம் எடுத்த நிறுவனத்துடையது. அன்றைய சட்டமும் வழக்கமும் அவ்வாறே இருந்தன. அதனை ஒரு நிறுவனத்தின் தனிக் குற்றமாகச் சொல்லுதல் பொருந்தாது. பெர்சாமா என்னும் கலைஞர் சங்கம் 1954-இல் தோன்றிற்று. 1957-இல் ஊதியக் கோரிக்கையை ஒட்டிச் சங்கத்தாரில் சிலர் வேலையிலிருந்து நீக்கப்படவே, ஜாலான் அம்பாஸில் வேலைநிறுத்தம் நடந்தது. ரம்லியும் தொழிலாளர் பக்கமே நின்றார். வேலைநிறுத்தம் முடிந்து வேலை தொடர்ந்தது. ஆனால் அந்தப் போராட்டம் அன்றைய சம்பளத்தையும் அன்றைய வேலையையும் பற்றியது. மறுவிளைச்சலைப் பற்றி இங்கு யாரும் கேட்க நினைக்கவில்லை. கேட்கத்தான் எவ்வாறு தோன்றும்? இங்குத் தொலைக்காட்சியே இன்னும் வரவில்லை.

சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15-ஆம் நாளும், கோலாலம்பூரில் அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாளும் தொலைக்காட்சி தொடங்கிற்று. அது வந்ததும் கொட்டகைக் கூட்டம் குறையத் தொடங்கிற்று. ரம்லி 1964-இல் கோலாலம்பூருக்குச் சென்று அங்குள்ள மெர்டேக்கா நிலையத்தில் படங்கள் எடுத்தார். அவை முந்தியவைபோல் ஓடவில்லை. 1973 மே 29-ஆம் நாள், 44-ஆம் வயதில், வசதி குன்றிய நிலையில் மாரடைப்பால் காலமானார். அதற்குப் பிறகே தொலைக்காட்சி அவரை மறுபடியும் கண்டெடுத்தது. 'புஜாங் லாப்போக்' படங்களும் 'இபு மெர்துவாக்கு'வும் ஆண்டுதோறும், பெருநாள்தோறும் வீடுகளுக்குள் வந்தன, இன்றும் வருகின்றன. மலாய்க்காரர் மாத்திரமல்லர், சீனரும் தமிழரும் அவற்றைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தனர். அவர் பெயரால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சாலைகள் உண்டு. 1990-இல் டான் ஸ்ரீ விருதும் வழங்கினர். எல்லாம் அவர் இறந்த பின்னர்!

கொட்டகையைக் காலியாக்கி அவர் தொழிலைக் குறைத்ததும் தொலைக்காட்சி. அவர் புகழைச் சாகாமல் காத்ததும் தொலைக்காட்சி. புகழ் அவருக்கு வந்தது. மறுவிளைச்சலோ சட்டப்படி உரிமை உடையவரிடம் சென்றது. ஹாப்பலாங் காசிடியாக நடித்தவர் பண்ணையை விற்றுத் தம் படங்களை வாங்கினாரே, அவ்வாறு வாங்க ரம்லிக்குப் பண்ணை ஏது?

மறுபடி காட்டப்படாத படங்களின் கதி இதனினும் கொடிது. பி. என். ராவ் 1957-இல் இயக்கிய 'பொந்தியானாக்' என்னும் பேய்ப்படம் அந்நாளில் ஜனங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொட்டகைக்கு இழுத்தது. இன்று அப்படம் கிடைப்பதாயில்லை. மறுபடி விலைபோகும் என்று எண்ணப்படாத பொருளை யாரும் பாதுகாப்பதில்லை. ஆகவே மறு ஒளிபரப்பு என்பது பணத்தை மாத்திரம் பற்றிய செய்தியன்று. ஒரு சமூகத்தின் நினைவில் எது நிற்கும், எது அழியும் என்பதையும் அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தமிழர் கற்க வேண்டியது

தமிழ்ப் படங்களின் கதையும் இதுவே. சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. 'ஒளியும் ஒலியும்' என்று திரைப்பாட்டுகளைக் காட்டிய நிகழ்ச்சிக்காக ஊரே காத்திருந்தது. இந்நாட்டிலும் ஒரு தமிழ்ப் படத்துக்காக வாரமெல்லாம் காத்திருந்து, பெட்டி உள்ள வீட்டின் திண்ணையில் கூடிய குடும்பங்கள் எத்தனை! அப்பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அந்த மறுகாட்சியில் பங்கு உண்டா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. இந்தியாவில் 2012-இல்தான் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கொட்டகையில் காட்டுவதைத் தவிர்த்த மற்றைப் பயன்களுக்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பங்கு பெறுவர் என்றும், அப்பங்கை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்றும் வகுத்தனர். பசியோடு வருகிறவனிடம் எதையும் எழுதி வாங்கிவிடலாம் என்பதை உணர்ந்து செய்த சட்டம் அது.

மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. நிகழ்த்துவோருக்கான உரிமைகளும் பின்னர் அதில் சேர்ந்தன. ஆயினும், தொலைக்காட்சி நாடகத்தில் நடிப்பவர் தம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலன்றி, மறு ஒளிபரப்புக்கென ஒரு பங்கு தானே நடந்து அவர் வீட்டுக்கு வருவதில்லை. இன்றோ படம் பார்க்கும் கருவியும் மாறிவிட்டது. கேட்ட நேரத்தில் கேட்டதைக் காட்டும் இணையச் சேவைகள் வந்துவிட்டன; எத்தனை முறை காட்டினர் என்ற கணக்கும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. 2023-இல் அமெரிக்க எழுத்தாளரும் நடிகரும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளுள் ஒன்று, இந்தப் புதிய வழியிலும் தங்கள் பங்கை ஒழுங்காகக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே. கருவி மாறிற்று; கேள்வி மாறவில்லை.

நம் பிள்ளைகளில் பலர் இன்று பாடுகிறார்கள், நடிக்கிறார்கள், குறும்படமும் நாடகமும் எடுக்கிறார்கள். மேடையில் பெயரும் கழுத்தில் மாலையும் கிடைத்தால் போதும் என்று, நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்திடும் வழக்கம் நம்மிடையே அதிகம். கலைஞன் காசைப் பற்றிப் பேசுவது இழிவு என்று ஒரு பொய்ப் பெருமையையும் வளர்த்து வைத்திருக்கிறோம். அந்தப் பெருமையால் வாழ்ந்த கலைஞன் ஒருவனும் இல்லை.

செய்யவேண்டியவை மூன்று. கையெழுத்திடுமுன் மறு ஒளிபரப்பு, மறுவிற்பனை, இணையக் காட்சி ஆகியவற்றின் உரிமை யாருக்கு என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே சங்கமாகக் கூடிக் கேட்க வேண்டும். வாத்தியக்காரர் 1944-இலும் நடிகர் 1960-இலும் பெற்றவை தனியொருவர் கேட்டுப் பெற்றவை அல்ல. மூன்றாவதாக, நம் நாடகமன்றங்களும் வாசகசாலைகளும் தங்கள் நிகழ்ச்சிகளின் பதிவுகளைப் பழங்குப்பை என்று எறிந்துவிடாமல், யார் எழுதினார், யார் நடித்தார், எந்நாள் நடந்தது என்ற குறிப்போடு பாதுகாக்க வேண்டும். இருக்கும் பொருளுக்கே உரிமை கேட்கலாம். அழிந்த பொருளுக்கு யாரும் பங்கு கொடுப்பதில்லை.

தோட்டத்தில் ஒட்டுப்பாலை அழுக்கென்று தள்ளிவிடாமல் தராசில் இட்டு நிறுத்து, வெட்டினவர் பெயரில் பதிந்த சமூகம் நாம். அந்தக் கணக்கறிவைக் கலைத்தொழிலுக்கும் கொண்டுவருவது நம்மால் ஆகாத காரியமன்று.